ஓடியவர்களா, துரத்தப்பட்டவர்களா?

பசிபிக் கடலிலுள்ள சமோவா சுமார் இரண்டு லட்சம் ஜனங்கள் வாழும் சிறு தீவு நாடு. 1991 உலகக் கோப்பை ரக்பியில் வேல்ஸை அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்திய நாடு. 1995-ல் ரக்பி சம்பள ஆட்டமாயிற்று. அதன் பின் சமோவா வீரர்கள் இங்கிலாந்து, பிரான்ஸ், ஜப்பான் கிளப்புகளுக்குப் போய்ச் சேர்கிறார்கள்.

பணத்துக்காகத் தாயகத்தை மறந்தார்கள் என்று இவர்களைத் தூற்றுவது அநியாயம். 2017-ல் நடந்த லண்டன் ஆட்டத்துக்கு இங்கிலாந்து வீரருக்குச் சுமார் 22,000 பவுன். எதிர்த்து ஆடிய சமோவா வீரருக்குச் சுமார் 650 பவுன். ஒரே மைதானம், ஒரே வேர்வை! டிக்கெட் வசூலோ அழைத்த நாட்டுக்கு. 2014-லேயே சமோவா வீரர்கள் தங்கள் சங்க நிர்வாகிகளிடம் கணக்குக் கேட்டு, ஆடமாட்டோம் என எச்சரித்தார்கள்.

பிழைக்க ஊர்விட்டுப் போனவனை எந்த உழைப்பாளியும் பழிக்கமாட்டான். வசூலில் பங்கைக் கொடு, கணக்கைக் காட்டு! இதுவே நியாயம் என்கிறோம்.