சம்பளம் நேரில்

ஸ்ரீவைகுண்டம் மாதிரியான ஊரில் பேருந்து நிலையத்துத் தூண்களையும் டீக்கடைச் சுவர்களையும் வாசித்தாலே வட்டாரத்துப் பொருளாதாரம் பாதி விளங்கிவிடும். துணிக்கடைக்குப் பெண்கள் தேவை, உணவும் தங்குமிடமும் இலவசம், சம்பளம் நேரில். டிரைவர் தேவை, சம்பளம் தகுதிக்கேற்ப. மெயின் ரோட்டை ஒட்டி 5 சென்ட் மனை, விலை நேரில். கறவை மாடு, பழைய டிராக்டர், ஒத்திக்கு வீடு என்று பட்டியல் நீளும். செல்போன் எண் தவறாமல் இருக்கும், தொகை அநேகமாக இருக்காது. நாளிதழ்களின் வரி விளம்பரப் பக்கமும் இப்படித்தான். இத்தனைக்கும் தமிழ் நாளிதழ்களின் தாய்வீடு இந்தப் பக்கம்தான்: 1942இல் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனாருக்கு ஊர் திருச்செந்தூரை அடுத்த காயாமொழி. 1951இல் திருவனந்தபுரத்தில் பிறந்த தினமலர் 1957இல் திருநெல்வேலிக்குக் குடிவந்தது. அச்சுக்கும் வாசிப்புக்கும் இவ்வளவு பழகிய வட்டாரத்தில் ஒரு வேலையின் கூலியை மட்டும் எழுத்தில் காண முடிவதில்லை. இன்ன இடத்தில் ஆள் தேவை என்ற செய்தி தானாகவே ஊரில் பரவிவிடும், அதற்குத் தாளும் பசையும் வேண்டாம். தொகைக்கும் நிபந்தனைக்கும்தான் அறிவிப்பு தேவை. அவற்றை விட்டுவிட்டு ஒட்டுகிற தாள் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறது என்பது என் கட்சி.

சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், விளம்பரம் எதற்கு என்பார்கள். அந்தப் பேச்சில் உண்மை உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் பாஸ்டனுக்கு அருகே நியூட்டன் நகரத்தில் ஆய்வு செய்தபோது, பாதிக்கும் மேற்பட்டோருக்கு வேலை கிடைத்தது தெரிந்தவர்கள் மூலம்தான் என்று கண்டார். அங்கேயே அப்படியென்றால், பிசானம் அறுப்புக்கு யார் வயலில் என்றைக்கு ஆள் வேண்டும் என்பது இங்கே யாருக்குத் தெரியாமல் போகும்? ஆனால் அவர் விசாரித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பிற்பாடு ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். வேலைக்கு வந்தவர்களிடம் தெரிந்தவர் ஒருவரைப் பரிந்துரைக்கச் சொன்னபோது, தகுதியுள்ள பெண்கள் இருந்தும் ஆண்கள் பெரும்பாலும் ஆண்களையே கூட்டிவந்தார்கள். கெட்ட எண்ணம் என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நினைவுக்கு முதலில் வருகிறவரைச் சொல்கிறோம், அவ்வளவுதான். நம் ஊர்களில் நினைவுக்கு முதலில் வருகிறவர் சொக்காரராகவோ அதே தெருக்காரராகவோ இருப்பார். தெரு என்றால் இங்கே சாதி என்பதை மழுப்பாமல் சொல்லிவிடலாம். எல்லாருக்கும் தெரியும் என்று நாம் சொல்லும்போது அந்த ‘எல்லாரும்’ டீக்கடை பெஞ்சில் உட்காரக்கூடியவர்கள் மட்டும்தான்.

தாளை நம்ப முடியாது, தரகரை நம்பலாம் என்று இன்னொரு பேச்சு உண்டு. தரகருக்கு முகம் இருக்கிறது, ஏமாற்றினால் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்குத் தொகை தெரியாது. விற்பவர் குறைத்து விற்றாலும் ஊர் முன்னால் தலைகுனிய வேண்டியதில்லை. அதில் ஒரு நாகரிகம் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் துண்டுக்கு அடியில் ஒரு நாளில் எத்தனை பேரம் நடந்தாலும் மாட்டின் அன்றைய விலை என்ன என்று சந்தைக்குத் தெரிவதில்லை. அது தரகருக்கு மட்டும் தெரியும், அவருடைய முதலே அதுதான். ஆள் பிடிப்பதிலும் முகம் தெரிந்தவர்களை நம்பிப் பார்த்தாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் தமிழ் மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி அந்நியர் அல்லர். ஒரே ஊர்க்காரர், பல சமயம் உறவினர். முன்பணம் கொடுத்து, கூடவே வந்து, தோட்டத்தில் தலைவராகவும் இருந்தார். தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற ‘துண்டு’ என்கிற சீட்டு வேண்டும். எவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவிப்போம் என்பது அதில் எழுதியிருக்கும். 1921இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. ஆளோடு கூடவே போன தாளில் கூலியைக் காணோம், கடன்தான் இருந்தது. முகம் தெரிந்தவர் என்பது மட்டும் ஒருவருக்கு எவ்வளவு காப்பாகும் என்று அந்தச் சீட்டு சொல்லும்.

தொகையை எழுதிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது அதன் புதுமை கடைகளைவிட வாசலில் இருந்த விலைப் பலகையில்தான் இருந்தது. அன்றன்றைக்குக் கத்தரிக்காய் இவ்வளவு, வெண்டை இவ்வளவு என்று எழுதிவைத்தார்கள். சந்தைக்குள் வராதவரும் அதைப் பார்த்துவிட்டு வெளிக்கடையில் பேரம் பேசலாம். நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-25 பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,405 ரூபாய், சன்ன ரகம் 2,450 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அந்த நிலையங்களில் மூட்டைக்கு இவ்வளவு என்று மாமூல் கேட்கிறார்கள் என்ற புகார் தமிழ்நாடு முழுவதும் ஆண்டுதோறும் எழுகிறது. பார்த்தீர்களா, பலகையில் எழுதியும் பயனில்லை என்று இதைக் காட்டுவார்கள். எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. எழுதிய விலை ஒன்று இருப்பதால்தான் எவ்வளவு குறைந்தது என்று கணக்குக் காட்டி அதைப் புகாராக்க முடிகிறது. வாழைக்கு அப்படியொரு எழுதிய விலை கிடையாது. தோட்டத்தில் நின்றபடி தாருக்கு இவ்வளவு என்று வியாபாரி முடித்துவிட்டுப் போனபின் விவசாயிக்கு மனக்குறைதான் மிஞ்சும், புகார் எழுத வழியில்லை. கேரளக் கடற்கரையில் 1997க்குப் பிறகு செல்போன் வந்தபோது மத்தி மீன் சந்தைகளை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். அதற்குமுன் பிடித்த மீனில் 5 முதல் 8 சதவீதம் வாங்க ஆளில்லாமல் வீணாகிக்கொண்டிருந்தது, சில மைல் தள்ளி அடுத்த கரையில் மீன் கிடைக்காமல் வாங்குவோர் காத்திருந்த நாள்களிலும். எந்தக் கரையில் என்ன விலை என்று கடலில் இருந்தபடியே கேட்க முடிந்ததும் அந்த வீணடிப்பு ஏறக்குறைய மறைந்தது, மீனவரின் லாபம் கூடியது, வாங்குபவர் கொடுத்த விலையும் சற்றே இறங்கியது. விலை வெளியே தெரிந்ததில் விற்றவர், வாங்கியவர் இருவருக்குமே ஆதாயம்.

அரசு அறிவிப்புகளின் கதை வேறு. அவற்றில் தொகை இருக்கும், விதி இருக்கும், கடைசித் தேதி இருக்கும். வாசிக்க ஆள் இருக்காது. கடம்பாகுளம், பெருங்குளம் என்று தாமிரபரணித் தண்ணீரில் நிறையும் குளங்கள் நிறைந்த வட்டாரம் இது. குளத்து மீன் குத்தகை, புளியமரத்து மகசூல், கோயில் நிலக் குத்தகை எல்லாம் பகிரங்க ஏலம்தான். அலுவலகப் பலகையில் ஒட்டியதும் ‘பகிரங்கம்’ என்ற சொல்லுக்குச் சட்டம் கேட்பது நிறைவேறிவிடுகிறது. பிறகு நாலு பேர் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஏலத்துக்கு வருவதை அந்தத் தாளால் தடுக்க முடியாது. சத்துணவு மையத்துப் பணியிடங்களுக்கும் அப்படித்தான். வீடு மையத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்று விதி, அறிவிப்போ ஒன்றிய அலுவலகத்துப் பலகையில். விண்ணப்பிக்கத் தகுதியுள்ள பெண் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூரில் களை எடுத்துக்கொண்டிருப்பார். உச்ச நீதிமன்றம் 1996லேயே இதைப் பார்த்துவிட்டது. வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்ப் பட்டியல் மட்டும் போதாது, நாளிதழில் வெளியிட வேண்டும், பலகையில் ஒட்ட வேண்டும், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொல்ல வேண்டும் என்று ஆந்திரத்து வழக்கொன்றில் தீர்ப்பு வந்தது. தகவல் போய்ச் சேர்வதும் சமவாய்ப்பில் சேர்த்தி என்று நீதிமன்றம் கருதியதாகவே இதை நான் வாசிக்கிறேன். 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி எழுதினார். ஒரு சாதியாரின் தலையில் கட்டப்பட்ட வேலையை நிறுத்தியது சரி. வண்டியில் ஒலிபெருக்கி கட்டலாம் என்பதும் சரி. வண்டி எந்தெந்தத் தெருவுக்குள் போக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

வெளிப்படையாக எழுதிவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில் கி.பி. 800 வாக்கில் பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவ்வூர்ச் சபையில் யார் அமர்ந்து பேசலாம் என்பதற்கான தகுதிகள் அதில் உள்ளன. நிலத்தில் பங்கு இருக்க வேண்டும், வேதப் பயிற்சி இருக்க வேண்டும், நன்னடத்தை இருக்க வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்திய தகுதி அறிவிப்பு, அதுவும் கல்லில். ஊரின் பெரும்பகுதியை வெளியே நிறுத்துகிற அறிவிப்பு அது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் யாரை நிறுத்துகிறோம் என்பதை அது ஒளிக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கும் அதைச் சுட்டிக்காட்டி வழக்காட முடிகிறது. இன்றைய ‘நேரில் வரவும்’ அந்த வேலையை வாய்மொழியாகச் செய்கிறது. நேரில் போனபிறகு பெயர், ஊர், தெரு கேட்டுவிட்டு ‘இடம் நிரம்பிவிட்டது’ என்று சொன்னால் அதற்குச் சாட்சி ஏது?

கடை நடத்தும் அண்ணாச்சிகளிடமும் ஒரு நியாயம் உண்டு. சம்பளத்தை எழுதினால் புதிதாக வருகிறவர் மட்டுமா வாசிப்பார்? ஏற்கெனவே கடையில் நிற்கிறவர்களும் வாசிப்பார்கள். ஐந்து வருடமாக வேலை பார்ப்பவர் புதியவருக்குச் சொன்ன தொகையைப் பார்த்துவிட்டு மறுநாள் கல்லாவுக்கு முன்னால் வந்து நிற்பார். தொகை மறைவதற்கு உண்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். வியாபார ரகசியம் என்பதெல்லாம் பிறகு சேர்த்தது. முதலாளிக்கு இது சங்கடம், சரி. ஆனால் அந்தச் சங்கடம் எதைக் காட்டுகிறது? தொகை வெளியே வந்தால் நியாயம் கேட்கிறவர்கள் கடைக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பதைத்தானே? மனை விலைக்கு வேறு காரணம். பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பு, கையில் வேறு தொகை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் எந்தத் தொகைக்குக் கட்டுவது என்பதில்தான் சூட்சுமம். இரண்டு விலை உள்ள பொருளுக்கு எந்த விலையைச் சுவரில் எழுதுவார்கள்? அந்த விஷயத்தில் தாளைக் குறை சொல்லிப் பயனில்லை.

தொகையை எழுதிய அறிவிப்பும் பொய் சொல்லும் என்ற ஆட்சேபணைதான் கனமானது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கொங்கு வட்டார நூற்பாலைகளுக்குத் தென் மாவட்டத்து இளம்பெண்களைத் திரட்டிய காலத்தில், மூன்று வருடம் முடிந்தால் 30,000, 50,000 என்று மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். தொகை பளிச்சென்று முன்னால் நின்றது. வேலை நேரம், விடுதியின் பூட்டு, இடையில் நின்றால் என்ன கிடைக்கும் என்பது மட்டும் சொல்லப்படவில்லை. ஆகவே ‘தொகை’ என்று நான் மேலே சொன்னதைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது: தொகை, நேரம், விலகும் நிபந்தனை மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு வேலையின் விலை. இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்தப் பெண்களின் வீடுகளைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் ஊர் அறிந்த புரோக்கர்கள். பொய் அதிகம் நடந்தது சுவரிலா, திண்ணையிலா?

இதெல்லாம் பழைய பாட்டு, வாட்ஸ்அப் குழு வந்தாயிற்று என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. குழுவில் யாரைச் சேர்ப்பது என்பது அட்மின் கையில் இருக்கிறது. டீக்கடை பெஞ்சு செல்போனுக்குள் இடம் மாறியிருக்கிறது. காலையில் போட்ட செய்தி சாயங்காலத்துக்குள் நூறு வாழ்த்துப் படங்களுக்கு அடியில் போய்விடும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கியபோது, மின்சாரமும் செல்போன் தொடர்பும் சேர்ந்தே படுத்துவிட்டன. வெள்ளம் தினமும் வருவதில்லைதான். ஆனால் ரீசார்ஜ் தீர்ந்துபோன செல்போன் தினமும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது.

பேரூராட்சி செய்யக்கூடியது பெரிய செலவில்லை. பேருந்து நிலையத்திலும் அரசு மருத்துவமனை வாசலிலும் பெண்கள் நின்று வாசிக்க முடிகிற இடமாகப் பார்த்து ஒரு பலகை. வேலை, கூலி, நேரம், யாரைக் கேட்பது என்று நான்கு பத்தி. கூலி காலியாக இருந்தால் ஏற்பதில்லை, 15 நாளில் கழற்றிவிடுவது. ஒன்றிய அலுவலகத்துப் பலகையில் ஏறும் ஒவ்வொரு தாளின் நகலும் ரேஷன் கடைகளுக்கும் போக வேண்டும், மாதம் ஒரு முறையாவது அநேகமாக எல்லா வீட்டாரும் வந்து வரிசையில் நிற்கிற இடம் அது என்பதால். முதல் மாதம் யாரும் கூலி எழுத முன்வராமல் பலகை வெறுமையாக நிற்கவும் கூடும். அரசு சார்ந்த தற்காலிக வேலைகளையும் விவசாய வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியாக அரசு அறிவித்திருக்கும் தொகையையும் முதலில் எழுதிப்போட்டு ஆரம்பிக்கலாம். அந்தத் தொகையை யார் யார் நின்று வாசிக்கிறார்கள் என்பதைக் கடைத்தெரு தானாகவே கவனிக்கும்.