பெரியப்பாவின் ரத்தமும் பேக்கேஜ் வியாபாரமும்

மக்களே, எங்க தலத்தெரு பக்கம் இப்ப ஒரு புது பயமுறுத்தல் சுத்திக்கிட்டு இருக்கு. பேரு ‘ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’. சர்க்கரை உள்ளவங்களா பாத்து, "வெறும் சுகர் டெஸ்ட் பத்தாது சார், உடம்புல எவ்வளவு துரு ஏறியிருக்குன்னு பாக்கணும்"னு ஒரு ரத்தப் பரிசோதனை பேக்கேஜ். பின்னாடியே ஆன்டிஆக்சிடன்ட் காப்ஸ்யூல். எங்க பெரியப்பா ரெண்டையும் வாங்கிட்டார். மனுஷன் சிறுநீர்ல ஆல்புமின் பாத்து மூணு வருஷம் ஆச்சு, கண் டாக்டர்கிட்ட போனதே இல்ல. காப்ஸ்யூல் மட்டும் வேளை தவறாம!

இந்த அறிவியலே டுபாக்கூர்னு நான் சொல்ல வரலை. ரத்தத்துல சர்க்கரை ஏறினா செல்லுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியா சூப்பராக்சைடை அதிகமா கக்குது, கண்ணு, கிட்னி, நரம்பு கெடுறதுக்கு அது ஒரு முக்கிய காரணம்னு மைக்கேல் பிரவுன்லீ 2001லயே ‘நேச்சர்’ல விளக்கிட்டார். நம்ம சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க 2005ல, சர்க்கரை நோயாளிகளோட டெலோமியர் குட்டையாகுறதையும் ஆக்ஸிஜனேற்றச் சேதத்தையும் சேர்த்து ஆராய்ஞ்சாங்க. நல்ல வேலை. ஆனா அது நாலு பேரை ஒப்பிட்டுப் பாக்குற ஆராய்ச்சி. தனி மனுஷன் ஒருத்தருக்கு மருந்து எழுதுற அளவுகோல் இல்ல சாமி.

டெஸ்ட்டையே எடுத்துக்குங்க. கொழுப்பு கெட்டுப் போறதை அளக்க பல இடத்துல செய்யிறது டிபார்ஸ். அதுல ஊத்துற ரசாயனம் மாலோண்டயால்டிஹைடோட மட்டும் இல்லாம வேற பலதோடயும், சர்க்கரையோடயும்கூட வினைபுரியும். சர்க்கரை நோயாளிக்கு இந்த டெஸ்ட்டா, வெளங்கிடும்! போதாததுக்கு ரத்தம் சரியா குளிர்ல இல்லைன்னா வழியிலயே ஆக்ஸிஜனேற்றம் நடக்கும். காரைக்கால்ல குத்தி எடுத்து சென்னை வரைக்கும் அனுப்புறாங்களே, பெரியப்பா உடம்புல உள்ள துருவையா அளக்குறாங்க, பெட்டிக்குள்ள ஏறின துருவையா?

சரி, காப்ஸ்யூல். ‘ஹோப்’ ஆய்வுல 9,500 பேருக்கு மேல, நாலரை வருஷம், பாதிப் பேருக்கு தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ. நிறைய பேர் சர்க்கரைக்காரங்க. 2000ல முடிவு வந்துச்சு: மாரடைப்பும் குறையல, பக்கவாதமும் குறையல. தொடர்ந்து கவனிச்சு 2005ல சொன்னது இன்னும் மோசம். வைட்டமின் எடுத்தவங்களுக்கு இதயம் செயலிழக்கிறது கூடியிருந்துச்சு. 2009ல ஜெர்மனியில இளைஞர்களை வச்சு ஒரு சோதனை. உடற்பயிற்சியால இன்சுலின் நல்லா வேலை செய்யும் இல்லையா, வைட்டமின் சி, ஈ சாப்பிட்டவங்களுக்கு அந்தப் பலன் கிடைக்கல. சூப்பராக்சைடு ஊறுறது செல்லுக்குள்ள, ஒவ்வொரு நொடியும். ஓட்டையை அடைக்காம படகுலேர்ந்து தண்ணி எறைச்சா என்ன ஆகும்னு கடலோரத்துக்காரங்களுக்கு நான் சொல்லணுமா?

இன்னொண்ணு. வைட்டமின் சி அதிகமா எடுத்தா வீட்டு குளுக்கோமீட்டர் சிலதுல சர்க்கரை பொய்யா ஏறித் தெரியும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினா கதை கந்தல்.

ஓட்டையை அடைக்கிற வழி பழசுதான். மூணு மாச சராசரி சொல்ற எச்பிஏ1சி. (ரத்தசோகை இருந்தா அதுவும் ஏமாத்தும், டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.) அதுல 1 சதவீதம் குறைஞ்சா கண்ணு, கிட்னி மாதிரி சின்ன ரத்தக்குழாய் கோளாறுகள் 37 சதவீதம் குறைவா இருந்துச்சுன்னு பிரிட்டன்காரங்க 2000லயே காட்டிட்டாங்க. அப்புறம் பிரஷர், சிறுநீர் ஆல்புமின், கிரியேட்டினின், வருஷம் ஒருதரம் கண், கால். அவ்ளோதான்.

2023ல வந்த ஐ.சி.எம்.ஆர் ஆய்வுல நம்ம புதுச்சேரி யூனியன் பிரதேசம் 26.3 சதவீதம், கோவாவுக்கு அடுத்த இடம். நாலுல ஒருத்தர்! வியாபாரிக்கு இது சந்தை. எங்க பெரியப்பா ரிப்போர்ட்டுல ‘நார்மல்’னு ஒரு எண் போட்டிருந்தான். யாரு வச்ச அளவு இதுன்னு கேட்டேன். "மெஷின்ல வர்றது சார்"னான்.

உங்க ஊர்ல இந்த பேக்கேஜ் என்ன விலைக்கு ஓடுது? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.