அவுட்புட் வெரிஃபைடு

எலக்ட்ரானிக்ஸ் பொறியியல் படித்த யாரைக் கேட்டாலும் கிளிப்பர் சர்க்யூட் செய்திருப்பார்கள். ஒரு டையோடு, ஒரு ரெசிஸ்டர், ஃபங்ஷன் ஜெனரேட்டரிலிருந்து ஒரு சைன் அலை. சிஆர்ஓ திரையில் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகத் தெரியும். அதைக் கிராஃப் ஷீட்டில் பென்சிலால் வரைந்து, ரெக்கார்டு நோட்டில் 'அவுட்புட் வெரிஃபைடு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. அந்த வெட்டுப்பட்ட அலை எப்படி ஒலிக்கும் என்று நான் படித்த ஆய்வகத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பயனில்லை, அங்கே ஸ்பீக்கரே கிடையாது.

அந்தக் கிளிப்பருக்கு முன்னால் ஓர் ஆம்ப்ளிஃபையரையும் பின்னால் ஒரு வால்யூம் குமிழையும் சேர்த்தால் எலக்ட்ரிக் கிட்டாரின் டிஸ்டார்ஷன் பெடல் கிடைத்துவிடும். ஓர் ஈசிஈ மாணவர் தன் கையால் செய்யக்கூடிய ப்ராஜெக்ட்டுகளில் இதைவிட நல்ல ஒன்றை நான் இன்றுவரை பார்க்கவில்லை. நம் கல்லூரிகளோ இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிட்டு, கடையில் வாங்கி வந்த ப்ராஜெக்ட்டுக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கின்றன.

எங்கள் இறுதியாண்டு முதல் ரிவ்யூவில் நானும் என் அறைத்தோழனும் இதைத்தான் முன்வைத்தோம். குழுவில் இருந்த மூத்தவர் கேட்டார்: "இதனால சமூகத்துக்கு என்னப்பா யூஸ்?" பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார்: "ஸ்பீக்கர் கரகரன்னா நாங்க ரிப்பேருக்குக் குடுப்போம். நீங்க காசு போட்டு ரிப்பேர் ஆக்குறீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். ஜோக் நல்ல ஜோக்தான், எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதே மதியம் ஏற்கப்பட்டவை எவை தெரியுமா? செல்போனில் இயங்கும் விவசாய மோட்டார், தானியங்கி ரயில்வே கேட், கோடு பார்த்து ஓடும் ரோபோ. முந்தைய ஆண்டும் இவையேதான், அதற்கு முந்தைய ஆண்டும் இவையேதான். போர்டு, ரிப்போர்ட், பிபிடி மூன்றும் ஒரே பேக்கேஜாக ப்ராஜெக்ட் சென்டரில் கிடைக்கும். விவசாயி பெயரைச் சொல்லி எத்தனை மோட்டார் கன்ட்ரோலர்கள் பாஸ் ஆகியிருக்கின்றன! அவற்றில் ஒன்றாவது ஏதாவதொரு கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அந்தக் குழுவில் யாரும் கேட்கவில்லை. சமூகப் பயன் என்கிற கேள்வி, செய்து பார்க்க வந்தவனை மட்டும்தான் மடக்குகிறது. வாங்கி வந்தவனிடம் அதற்குப் பதில் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே அச்சாகி இருக்கும்.

நாங்கள் பெடலை விடுதி அறையில் செய்தோம். ரிச்சி தெருவில் ஒரு 741 ஐசி, சில ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், இரண்டு டையோடு, இரண்டு குமிழ், 9 வோல்ட் பேட்டரி. எல்லாம் சேர்த்து ஒரு சினிமா டிக்கெட்டும் பாப்கார்னும் ஆகிற காசு.

இனி அந்தச் சின்னப் போர்டு என்ன கேட்கிறது என்று பாருங்கள். கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் சுற்றிய செப்புக்கம்பி. எஃகுத் தந்தி அதிரும்போது அதில் நூறு, இருநூறு மில்லிவோல்ட் தூண்டப்படும். சிலிக்கான் டையோடு வழிவிட 0.6 வோல்ட் வேண்டும். ஆகவே முதலில் பெருக்க வேண்டும். நம் பாடப்புத்தகம் 741-க்கு பிளஸ் 15, மைனஸ் 15 என்று இரண்டு சப்ளை போட்டுக் காட்டும். கையில் இருப்பதோ ஒரே பேட்டரி. இரண்டு சம ரெசிஸ்டர்களால் 9-ஐப் பிரித்து 4.5 வோல்ட்டில் ஒரு பொய்த்தரையை உண்டாக்க வேண்டும். பயாசிங் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

இன்புட் ரெசிஸ்டரைக் குறைத்துப் போடுங்கள். கிட்டார் கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பதுபோல மங்கிவிடும். அதுதான் லோடிங். நடுவில் இருக்கும் கெப்பாசிட்டரைச் சிறிதாக்குங்கள், அடித்தந்தியின் கனம் போய்விடும். அது ஹைபாஸ் ஃபில்டர். டையோடுகளை எடுத்துவிட்டு இரண்டு சிவப்பு எல்இடி போடுங்கள். இப்போது வெட்டு 1.7 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிகழும், ஒலி பெரிதாகவும் திறந்தும் வரும். ஜெர்மானியம் போட்டால் 0.3-லேயே வெட்டத் தொடங்கி, கூர்மை குறைந்து குழைவாகும். மேலும் கீழும் சமமாக வெட்டினால் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் மட்டும் கூடும். ஒருபக்கம் ஒரு டையோடு, மறுபக்கம் இரண்டு என்று வைத்தால் இரட்டைப்படையும் சேரும். ஃபூரியே தொடரை ஒரு செமஸ்டர் முழுக்கப் போர்டில் எழுதிப்போட்டார்கள். அது காதில் விழ இருபது நிமிடம் போதும்.

சிமுலேட்டர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் சர்க்யூட்டைப் பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் வைத்து மீடியம் வேவ் நிலையம் பக்கத்தில் இருக்கும் ஊரில் ஒருமுறை கெயினைக் கூட்டிப் பாருங்கள். ஃபேன் ரெகுலேட்டரின் இரைச்சலுக்கு நடுவே வானொலிச் செய்தி கேட்டாலும் கேட்கும். ஏனென்றால் வளைந்த குணமுள்ள எந்த ஜங்ஷனும் ஒரு டிடெக்டர்தான். தகரப் பெட்டிக்கு மாற்றி, பெட்டியைத் தரையோடு இணைத்தால் செய்தி வாசிப்பவர் விடைபெற்றுவிடுவார். எந்த சிமுலேட்டரிலும் செய்தி வாசிப்பதில்லை.

இதில் எனக்கு மிகப் பிடித்தது கணக்கு. 110 ஹெர்ட்ஸில் ஒரு சுரம், அதற்கு ஐந்தாவது 165-க்குச் சற்றுக் குறைய. இரண்டையும் ஒன்றாக மீட்டி டிஸ்டார்ஷனுக்குள் விட்டால் அவற்றின் வித்தியாசமும் ஒலியாக வரும்: ஏறத்தாழ 55. அது அடிச்சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே, சுருதியோடு பொருந்தி நிற்கிறது. மேஜர் மூன்றாவதைப் போட்டுப் பாருங்கள். கிட்டாரில் அது 138.6. வித்தியாசம் 28.6. பொருந்துவதற்கு 27.5 வேண்டும். அந்த ஒரு ஹெர்ட்ஸ் இடறல்தான் சேறாகக் கேட்கிறது. ராக் கிட்டார்காரர்கள் மூன்றாவதை விட்டுவிட்டு வெறும் அடிச்சுரத்தையும் ஐந்தாவதையும் பிடிப்பது இதனால்தான். ஓர் இசைவகையின் இலக்கணத்தில் பாதி, டையோடின் வளைவில் எழுதப்பட்டிருக்கிறது. இதைக் கேட்டபிறகும் "என்ன யூஸ்" என்பவரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

'ரிப்பேர்' ஜோக்குக்கு வருகிறேன். அது வரலாற்றுரீதியாகவே தப்பு. லிங்க் ரே 1958-ல் 'ரம்பிள்' பதிவுக்காக ஸ்பீக்கரில் பென்சிலால் துளை போட்டார். 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் கூம்பைப் பிளேடால் கிழித்தார். இவர்களைவிட எனக்கு முக்கியமானவர் நாஷ்வில்லின் ஒலிப்பதிவுப் பொறியாளர் க்ளென் ஸ்னோடி. மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றின் பதிவில் கன்சோல் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி, கிரேடி மார்ட்டினின் பேஸ் கிட்டார் வண்டுபோல இரைந்தது. அந்த வாசிப்பு அப்படியே 1961-ல் வெளிவந்தது. ஸ்னோடி அந்தப் பழுது எப்படி நிகழ்கிறது என்று ஆராய்ந்து, டிரான்சிஸ்டர்களை வைத்து அதையே திரும்ப உண்டாக்கும் சர்க்யூட்டைச் செய்தார். கிப்ஸன் நிறுவனம் அதை 1962-ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்றது. 1965-ல் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்து வாசித்த 'சேட்டிஸ்ஃபேக்‌ஷன்' உலகம் முழுக்கப் போனது. பொறியாளன் என்று நான் சொல்வது ஸ்னோடி மாதிரி ஆளைத்தான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று அடுத்த அம்பு வரும். தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஏன் நூலைச் செருகுகிறார்கள்? அந்த ஜீவாளி இல்லாவிட்டால் தந்தி வெறுமனே டொய்ங் என்று அடங்கிவிடும். நூல் இருந்தால் தந்தி குதிரையை உரசி உரசி மேல்சுரங்கள் மலர்கின்றன. உருமியின் தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது வரும் உறுமல் எந்த சைன் அலை? நம் காது சுத்தமான அலையை ஒருநாளும் கேட்டு வளர்ந்ததில்லை.

"சர்க்யூட்தான் நெட்ல இருக்கே, புதுசா என்ன பண்ணீங்க?" என்பது இன்னொன்று. நியாயமான கேள்வி, கோடு பார்த்து ஓடும் ரோபோவிடமும் கேட்டால். ஃபஸ் ஃபேஸ் என்ற 1966-ம் ஆண்டு பெடலில் இரண்டே டிரான்சிஸ்டர்கள். அதைப் படம் பார்த்துச் செய்ய ஒரு மாலை போதும். அது ஏன் அப்படி ஒலிக்கிறது என்று விளக்க இரண்டு செமஸ்டர் பாடம் வேண்டும். புதுமை என்ற பெயரில் புரியாத ஒன்றைக் காட்டுவதைவிடப் பழையதைப் புரிந்து காட்டுவது கஷ்டம். (பெடல் பித்தர்களும் இங்கே கொஞ்சம் அடங்கவேண்டும். பழைய ரேடியோவில் இருந்த ஏசி128 டிரான்சிஸ்டருக்குள் ஆவி எதுவும் குடியிருக்கவில்லை. லீக்கேஜ் கரண்ட் இருக்கிறது, அது சூட்டுக்கு மாறும். மீட்டர் வைத்து அளக்கலாம்.)

இப்போதைய மோகம் ஏஐ. மேலே 'ஏஐ அடிப்படையிலான' என்று இரண்டு சொல் போட்டால் எந்தத் தலைப்பும் ரிவ்யூவைத் தாண்டும் என்கிறார்கள், எனக்குக் கீழே பயிற்சிக்கு வரும் பிள்ளைகள். மென்பொருளில் சோறு தின்கிறவனாக இதைச் சொல்கிறேன்: நியூரல் நெட்வொர்க்கில் ஆக்டிவேஷன் என்று ஒன்று வருகிறதே, அதில் ரெலு என்பது அசலாக ஒரு ஹாஃப் வேவ் ரெக்டிஃபையர். நெகட்டிவை வெட்டு, பாசிட்டிவை விடு. டான்ஹெச் வளைவு, எதிரெதிராக வைத்த இரண்டு டையோடுகளின் மென்மையான வெட்டுக்கு நெருங்கிய உறவு. இந்த வளைவை எடுத்துவிட்டால் எத்தனை அடுக்கு போட்டாலும் மொத்தமும் ஒரே மேட்ரிக்ஸ் பெருக்கலாகச் சுருங்கிவிடும். கோடு வளைவதில்தான் எல்லாம் இருக்கிறது. பெடல் செய்த பிள்ளைக்கு இதை நான் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். ப்ராஜெக்ட் வாங்கிய பிள்ளைக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஆசிரியர்களை மட்டும் திட்டிப் பயனில்லை என்று தெரியும். அறுபது பேர் வகுப்பு, நேரத்துக்கு மார்க் ஏற்ற வேண்டும், கம்பெனி வரும்போது எல்லோரும் பாஸ் ஆகியிருக்க வேண்டும். வாங்கிய போர்டு அவர்களுக்கும் வசதி. முதல் பவரிலேயே எல்இடி எரியும், யாருக்கும் சங்கடமில்லை.

ஆகவே பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வோர் ஆய்வக மேசையிலும் ஒரு ஆடியோ ஜாக், ஒரு எல்எம்386, ஒரு சின்ன ஸ்பீக்கர். கிளிப்பர் சோதனையின்போது சிஆர்ஓவோடு அதையும் சொருகட்டும். வைவாவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒரு பச்சை எல்இடியை மாணவரிடம் நீட்டி, "இதப் போட்டா சத்தம் எப்படி மாறும்? மொதல்ல சொல்லு, அப்புறம் போடு" என்று கேட்கட்டும். சால்டரிங் அயர்ன் சூடாக இரண்டு நிமிடம் ஆகும், காத்திருக்கலாம்.