தீர்ப்பு வரும் வரை நிலம் தாங்குமா?



கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் வயலுக்கு அடுத்தே இறால் குட்டை. உப்புத் தண்ணி கசிந்தால் நாற்று கருகும், கிணறு கரிக்கும், மாடு வாய் வைக்காது. கடலூர் சிப்காட் ஓரத்துக் கிராமங்களுக்கோ ரசாயன நாத்தம். பங்காளி வரப்பை வெட்டினால் அன்றைக்கே பஞ்சாயத்து வைக்கிறோம். பணம் படைத்தவன் தண்ணியைக் கெடுத்தால் மட்டும் "கேஸ் போட்டாச்சு, தீர்ப்பு வரட்டும்" என்று குந்தியிருக்கிறோம். இது நியாயமா?

தீர்ப்பு வர வருஷக்கணக்கில் ஆகும். உப்பு அதுவரை காத்திருக்குமா? முதலாளிக்கு இது நல்லாவே தெரியும். அவனுக்கு வேண்டியது வெற்றி இல்லை, வாய்தா! வாய்தா வாங்க வாங்க அவனுக்கு இறால் அறுவடை, நமக்கு ஒரு போகம் நஷ்டம். ஆகவே நம் சண்டை விசாரணைக்கு முந்தின இடைக்கால உத்தரவில்தான் இருக்கிறது.

வரலாறு அதைத்தான் சொல்கிறது. கிராம சுயராஜ்ய இயக்கத்தின் எஸ். ஜெகந்நாதன் இறால் பண்ணைகளுக்கு எதிராக 1994ல் சுப்ரீம் கோர்ட்டில் மனு போட்டார். 1995 மார்ச்சில் கோர்ட் 'நீரி' விஞ்ஞானிகளை நேரில் பார்க்க அனுப்பியது. அறிக்கை வந்ததும் 1995 மே 9ல் இடைக்கால உத்தரவு: விளைநிலத்தை இறால் பண்ணை ஆக்கக் கூடாது, அதற்கு நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது, புதிய பண்ணை கூடாது. இறுதித் தீர்ப்பு வந்தது 1996 டிசம்பர் 11ல், 19 மாதம் கழித்து! அந்தத் தீர்ப்பையும் தளர்த்தி, பதிவு பெற்ற பண்ணைகளுக்கு வழி திறந்தது 2005ம் வருஷச் சட்டம். தீர்ப்பை நம்பித் தூங்கலாமா?

தடை கேட்டால் கோர்ட் மூன்று கேள்வி கேட்கும். வழக்கில் முகாந்திரம் உண்டா? தடை தராவிட்டால் யாருக்குப் பாதிப்பு அதிகம்? அந்த இழப்பைப் பிறகு பணத்தால் ஈடுகட்ட முடியுமா? இறாலில் விட்ட காசை அடுத்த வருஷம் பிடிக்கலாம். உவரான மண்ணை எந்தக் காசு மீட்கும்? இதைச் சொல்ல வாய் போதாது, ஆதாரம் வேணும்.

தோழர்களே, உடனே செய்ய வேண்டியவை:

1. மண், கிணற்றுத் தண்ணியைப் பரிசோதித்து சீட்டு வாங்குங்கள். கோர்ட் மூலம் வக்கீல் கமிஷனரை வயலுக்கே வரவழையுங்கள்.

2. வரப்பு, வாய்க்கால், பாதைத் தகராறு முன்சீப் கோர்ட்டுக்கு. சுற்றுச்சூழல் கேடு என்றால் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்கு. இடம் மாறிப் போட்டால் எதிராளி அதையே பிடித்துக்கொண்டு காலம் கடத்துவான். பசுமைத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு போடணும். நஷ்டஈட்டுக்கு 5 வருஷம்.

3. முதலாளி முந்திக்கொண்டு நம் மேலேயே தடை வாங்குவான். கேவியட் போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும்.

4. ஊருக்கே பொதுத் தொல்லை என்றால் சப் கலெக்டரிடம் மனு கொடுங்கள். அதை நீக்கச் சொல்லி உத்தரவு போட பிஎன்எஸ்எஸ் 152ம் பிரிவில் அவருக்கு அதிகாரம் உண்டு.

தனியாளாகப் போனால் வாய்தாதான் மிஞ்சும். ஊராகப் போனால் கோர்ட்டும் உட்கார்ந்து கேட்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பத்துப் பேராவது கோர்ட் வாசலில் நிற்போம்!

மண் உவராகும் முன் தடை வாங்குவோம்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!