வளர்ந்த பெரிய நாய்களுக்கு யார் வாசல் திறப்பது?

விலங்குக் காப்பகங்களுக்கு வார இறுதியில் வரும் குடும்பங்களில் பல முதலில் கேட்பது, "குட்டி இருக்கா?" என்றுதான். குட்டிகள் விரைவில் ஒரு வீட்டுக்குப் போய்விடுகின்றன. நான்கைந்து வயதான, 30 கிலோ எடையுள்ள நாயோ மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் கூண்டிலேயே கிடக்கிறது. அது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வரை, தெருவில் அடிபட்டுக் கிடக்கும் இன்னொரு நாயைக் காப்பகத்தால் ஏற்க முடிவதில்லை.

இந்த நாய்களில் பல ஒரு காலத்தில் யாரோ ஆசைப்பட்டு வளர்த்தவை. தரை வீட்டிலிருந்து கொண்டோவுக்கு மாறிய குடும்பம், மூடப்பட்ட பட்டறை, குட்டியாக வாங்கிய அல்சேஷன் இவ்வளவு வளரும் என்று எண்ணாத உரிமையாளர் எனக் காரணங்கள் பல.

நம் சமூகத்துக்கு இது புதிய கதையன்று. தோட்டத்து லயங்களில் நாய் குடும்பத்தோடு குடும்பமாக வளர்ந்தது. பாம்பு வந்தாலும், இரவில் அந்நியர் வந்தாலும் முதலில் குரல் கொடுத்தது அதுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மேம்பாட்டுக்கு விற்கப்பட்டபோது, பலர் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். நாய்க்கு அங்கே இடமில்லை. ஆளில்லாத லயத்தில் அது காத்துக் கிடந்தது.

விதிகளும் பெரிய நாய்க்குச் சாதகமாக இல்லை. நாய் உரிமம் வழங்குவது ஊராட்சி மன்றங்கள். எந்த வகை வீட்டில் எத்தனை நாய்கள் வளர்க்கலாம் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறுபடுகிறது. சில மன்றங்கள் பக்கத்து வீட்டாரின் ஒப்புதலையும் கேட்கின்றன. அடுக்குமாடிகளில், மற்றக் குடியிருப்பாளர்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் பிராணியை வளர்க்கக்கூடாது என்கின்றன 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகள். அல்சேஷன், ராட்வைலர், டாபர்மேன் ஆகியவை கால்நடைச் சேவைத் துறையின் கட்டுப்படுத்தப்பட்ட இனப் பட்டியலில் உள்ளன. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் பரவியது. 2017இல் சரவாக்கிலும் அது தலைகாட்டியது. அதன் பிறகு தெரு நாய் என்றாலே அச்சம். மன்றத்தினர் பிடித்துச் செல்லும் நாயைத் தேடிக் குறித்த நாள்களுக்குள் யாரும் வராவிட்டால், அது கொல்லப்படலாம்.

சிக்கலின் முடிச்சு வேறோர் இடத்தில் இருக்கிறது. பெரிய நாயைக் கேட்டு வருவோரும் உண்டு. அவர்களில் பலருக்குத் தேவை காவல். பட்டறை வாசலில் சங்கிலியில் கட்டிப்போட்டு, மாலையில் மிஞ்சிய சோற்றைப் போடும் வழக்கத்துக்குக் காப்பகங்கள் நாயைக் கொடுக்க மறுக்கின்றன. "இத்தனை நிபந்தனை போட்டால் யார்தான் எடுப்பார்கள்?" என்பது மறுதரப்பின் கேள்வி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால், இரவில் வீட்டாரோடு உலவும் நாயும் காவல் காக்கும் என்பதை இரு தரப்பும் பேசித் தீர்க்கலாம்.

வளர்ந்த நாயை எடுப்பதில் ஆதாயமும் இருக்கிறது. அதன் முழு உயரமும் குணமும் முன்பே தெரியும். பிள்ளைகளோடு பழகுமா, பூனையைத் துரத்துமா என்று கேட்டறியலாம். செலவையும் மறைக்கக்கூடாது. 30 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 400 கிராம் உலர் உணவு, அதாவது மாதத்துக்கு 12 கிலோ வேண்டும். இதயப்புழுத் தடுப்பு போன்ற மருந்துகளின் அளவும் எடைக்கேற்பக் கூடும். புதிய வீட்டில் மிரட்சி தணிய முதல் 3 நாள், பழக 3 வாரம், வீட்டோடு ஒன்ற 3 மாதம் என்பது காப்பகத்தார் சொல்லும் கணக்கு. முதல் வாரத்திலேயே "சரிப்படவில்லை" என்று திருப்பி அனுப்புவதால்தான் பல நாய்கள் மீண்டும் கூண்டுக்குள் போகின்றன.

தற்காலிகமாகச் சில வாரம் வைத்துப் பார்க்கும் வளர்ப்பு முறை இதற்கு நல்ல வழி. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயாக இருந்தால் சுமை இன்னும் குறையும்.

வேலியிட்ட முற்றமும் மாலையில் நடக்க மண்பாதையும் உள்ள வீடுகள் சிறுநகரங்களிலும் தோட்டப்புறங்களிலும் இன்னும் இருக்கின்றன. மாநகரக் காப்பகங்கள் தேடும் வாசல் அங்கேதான் இருக்கிறது. அடுத்த முறை காப்பகத்துக்குப் போகிறவர்கள் குட்டிகளைப் பார்த்த பிறகு, கடைசிக் கூண்டு வரை நடந்து பார்க்கலாம்.