சாயங்காலம் வரை ஸ்லோவில் விட்டால் என்ஜின் பிழைக்குமா?

என்ஜின் வேலை முடிந்த வண்டியை முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும், "பச்சைக் குழந்தை மாதிரி சார், ரேஸ் பண்ணிடாதீங்க, சாயங்காலம் வரைக்கும் ஸ்லோவிலேயே ஓடட்டும்" என்று சொல்லாத மெக்கானிக்கை எங்கள் புதுச்சேரியில் நான் பார்த்ததில்லை. கேட்கும் வண்டிக்காரருக்கும் மனம் குளிர்ந்துவிடும். எவ்வளவு பொறுப்பான ஆள் என்று கூட நூறு ரூபாய் டீ செலவுக்குக் கொடுத்துவிட்டு வருவார்.

பழைய அம்பாசடர், பியட் வண்டிகளுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் செய்ய முடியாது என்பது என் கட்சி. இன்றைய புது வண்டிகளைப் பற்றி நான் பேசவில்லை. அதைப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

பெட்ரோல் அம்பாசடரின் 1489 சிசி என்ஜினையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பிஎம்சி கம்பெனி வடிவமைத்த பி சீரிஸ். அதில் கேம் ஷாப்ட் பிளாக்குக்குள்ளேயே பக்கவாட்டில் படுத்திருக்கும். கேமின் மேடு டேப்பெட்டைத் தூக்கும், டேப்பெட் புஷ்ராடைத் தூக்கும், ராக்கர் வால்வைத் திறக்கும். மெயின் பேரிங், கேம் பேரிங் எல்லாவற்றுக்கும் பம்ப் ஆயில் அனுப்பிவிடுகிறது. ஆனால் கேம் மேடும் டேப்பெட்டின் அடிப்பாகமும் உரசுகிற இடத்துக்குப் பெரும்பாலும் கிராங்க் சுழலும்போது வாரி இறைக்கும் ஆயில்தான் கதி. கிராங்க் வேகமாகச் சுற்றினால் நன்றாக இறைக்கும். ஸ்லோவில் சுற்றினால் இறைப்பு குறைவு. அதே நேரத்தில் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுசாக அந்த மேட்டின் மேல் விழுவதும் ஸ்லோவில்தான். புது கேம், புது டேப்பெட், இரண்டும் ஒன்றுக்கொன்று இன்னும் பழகாத முதல் 20 நிமிடத்தில், ஆயிலைக் குறைத்துப் பாரத்தைக் கூட்டுகிறோம். இதற்குப் பெயர் பச்சைக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதா?

ரிங் விஷயமும் இதே கதைதான். லேத்தில் போர் அடித்து ஹோன் செய்த சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இருக்கும். எரிந்த கேஸின் அழுத்தம் ரிங்கின் பின்னால் போய் அதைச் சுவரோடு அழுத்த வேண்டும். அப்போதுதான் ரிங் உட்காரும். நாள் முழுக்கச் சுமை இல்லாமல் ஓடினால் அந்த அழுத்தம் வராது. சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகி, பிறகு ஆயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் ஒரு சொல் ஞாபகம் வருகிறது. புது என்ஜினை ஓட்டிப் பழக்குவதற்குப் பிரெஞ்சில் ரொதாழ் என்பார்கள். ஒரு காலத்தில் பிரான்சில் புது வண்டிகளின் பின்கண்ணாடியில் 'ஆன் ரொதாழ்' என்று அட்டை ஒட்டிக்கொண்டு போவார்கள். வால்வைப் பேஸ்ட் போட்டு சீட்டில் தேய்த்து உட்கார வைப்பதற்கும் அதே சொல்தான். தேய்த்துப் பொருத்துவது ஒரு வேலை. நிழலில் தூங்க வைப்பதில் அது நடக்காது.

"டைட்டான என்ஜின் சார், ரேஸ் பண்ணா சூடாயிடும்" என்பார்கள். சூடு பிடிக்கும், உண்மைதான். ஆனால் அம்பாசடரில் வாட்டர் பம்பும் பேனும் என்ஜின் பெல்ட்டில் சுற்றுகின்றன. வேகம் கூடினால் தண்ணீரும் வேகமாக ஓடும், காற்றும் கூடும். அப்படியும் முள் ஏறினால் நிறுத்தி ஆறவிட்டு, மறுபடி அதே வேகத்தில் ஓட்டலாமே. ஸ்லோவுக்கு இறக்குவதற்கு என்ன நியாயம்?

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பென்ஷன் பணத்தில் மிச்சம் பிடித்து அம்பாசடருக்கு முழு என்ஜின் வேலை பார்த்தார். ஒர்க்‌ஷாப்பில் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து (அதில் எனக்குச் சண்டை இல்லை), நல்ல நேரம் தப்பக்கூடாது என்று அவசரமாக ஸ்டார்ட் செய்தார்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றி ஆயில் பிரஷர் வருகிறதா என்று பார்க்கவில்லை. டைமிங் சரியில்லாமல், பிடிக்காத என்ஜினை அரை மணி விட்டுவிட்டு முறுக்கினார்கள். கேமில் தடவியிருந்த பசையெல்லாம் அப்போதே வழித்துக்கொண்டு போயிருக்கும். பிடித்ததும் மாலை வரை ஸ்லோ. மூன்றாவது மாதம் டக் டக் என்று சத்தம், இழுவை இல்லை. ராக்கர் கவரைத் திறந்தால் ஒரு எக்ஸாஸ்ட் வால்வு பாதிதான் திறக்கிறது. கேம் மேடு கரைந்து உருண்டையாகிவிட்டது. டேப்பெட்டின் அடி கிண்ணம் போலக் குழிந்திருந்தது. அந்த இரும்புத் தூள் ஆயிலோடு போய் பேரிங்கையும் தின்றிருந்தது. "ஆயில் சரியில்லை சார்" என்று சொல்லி மறுபடியும் கூலி கேட்டார்கள்.

ஆயில் பேச்சில் ஒரு பங்கு உண்மை உண்டு. இந்தக் காலத்து பெட்ரோல் ஆயில்களில், புகைக் குழாயில் இருக்கும் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக, துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த தேய்மானத் தடுப்புச் சரக்கைக் குறைத்துவிட்டார்கள். பழைய டேப்பெட்டுக்கு அது வேண்டும். சரி, அதைத் தெரிந்து ஊற்ற வேண்டியது யார்? ஆசிரியரா?

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. நல்ல கேம் ஷாப்ட் இனி மரத்தில் காய்க்காது. ஆகவே, வண்டி வைத்திருக்கும் என் வயசுக்காரர்கள் கூச்சப்படாமல் பக்கத்தில் நின்று கேளுங்கள். பிளக் இல்லாமல் சுற்றி ஆயில் விளக்கு அணைந்ததா, கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பியிருக்கிறதா, பாயின்ட்டும் டைமிங்கும் முன்கூட்டியே வைத்தாயிற்றா என்று கேளுங்கள். பிடித்த நொடியே 1500க்கும் 2500க்கும் நடுவில் ஏற்றி இறக்கி 20 நிமிடம் ஓட வேண்டும். ஆயில் பிரஷர் இல்லாவிட்டால் மட்டும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு திண்டிவனம் சாலையில், மூன்றாவது கியரில் நிதானமாக இழுத்து, காலை எடுத்து, மறுபடி இழுத்து ஓட்டுங்கள். அந்த முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிடுங்கள்.

இரண்டாம் தடவை ஆசிரியர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி பானெட் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார். பத்தாவது நிமிடம் மெக்கானிக் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கப் பார்த்தார். "இன்னும் பத்து இருக்கு தம்பி" என்றார் ஆசிரியர், வகுப்பில் பேசிய அதே குரலில்.