நரம்பை வளர்க்கும் புரதம்

குழந்தையில்லாத வீட்டில் குறை யாருடையது என்று தீர்மானிக்க நம்மவர்கள் நெடுநேரம் யோசிப்பதில்லை. 'மலடி' என்ற சொல் நாவில் தயாராக இருக்கிறது. 'மலடன்' என்ற சொல்லும் அகராதியில் உண்டு. அதை உச்சரிப்பவர் அரியர். இயற்கையோ இத்தகைய பட்சபாதம் அறியாதது. பிள்ளைப்பேறு வாய்க்காத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் விஷயத்தில், புருஷனுடைய தேகக் குறையும் ஒரு காரணமாக இருக்கிறதென்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள்.

அக்குறைகளை ஆராய்வோரின் கவனம் இப்போது ஒரு விசித்திரமான புரதத்தின்மேல் விழுந்திருக்கிறது. அதைக் கண்டவர் ரீட்டா லெவி-மொண்டால்சினி என்ற இத்தாலிய மாது. 1938-ஆம் வருஷத்து இனச் சட்டங்கள், அவர் யூதர் என்பதற்காகச் சர்வகலாசாலைக் கதவை அடைத்துவிட்டன. அவர் மனந்தளராமல் தம் படுக்கையறையையே ஆராய்ச்சிசாலையாக்கி, கோழிக் கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். யுத்தத்திற்குப் பின் அமெரிக்கா சென்று, 1950-க்கு அடுத்த வருஷங்களில் ஸ்டான்லி கோஹன் முதலியோருடன் சேர்ந்து, நரம்பை வளரச் செய்யும் இப்புரதத்தை வெளிப்படுத்தினார். 1986-இல் அவருக்கும் கோஹனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நரம்புக்கே உரியதென்று கருதப்பட்ட அப்பொருள் பின்னர் காளையின் விந்திலும் காணப்பட்டது! அங்கே அதற்கு என்ன வேலை? 2012-இல் ஒரு விடை கிடைத்தது. தென்னமெரிக்காவின் மலைநாட்டில் வளரும் லாமா என்னும் பிராணியில், ஆணின் விந்திலுள்ள இப்புரதம் பெண்ணின் ரத்தத்திற் கலந்து, மூளையின் அடியிலுள்ள சுரப்பியை வேலைசெய்ய வைத்து, சினைமுட்டையை வெளிவரச் செய்கிறது. மனித விந்தணுவிலும் இப்புரதத்தை ஏற்கும் வாயில்கள் உண்டு. விந்தணுக்கள் குறைந்தும் சோர்ந்தும் உள்ள ஆடவரிடம் இது குறைவாயிருப்பதைச் சில ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

அக்குறைவு நோயின் காரணமா, விளைவா என்ற விவகாரம் இன்னும் தீரவில்லை. இதை மருந்தாகக் கொடுக்கும் சிகிச்சை முறையும் ஏற்படவில்லை. ஆகையால் 'நரம்பு பலம்', 'தாது புஷ்டி' என்று விளம்பரமாகும் லேகியங்களுக்கு இந்த ஆராய்ச்சியைச் சாட்சிக்கு அழைக்க இடமில்லை.

செய்யத்தக்கது வேறு. விந்துப் பரிசோதனை வலியில்லாதது, செலவும் அதிகமன்று. மனைவியைக் கோயில் கோயிலாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் அலைக்குமுன் கணவன் அதைச் செய்துகொள்ளலாம். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது. ஆதலால் இன்று புகையிலையை விட்டவர் நாளையே பலனை எதிர்பார்த்தல் கூடாது. வைத்தியர் மறுபரிசோதனை சொன்னாற் சலிக்கவும் வேண்டாம். முடிவு எதுவாயினும், அதைக் கேட்க வைத்தியர் முன்பு இருவரும் சேர்ந்து உட்காருவதே நியாயம்.